பத்தாவது படிக்கும் பிள்ளையிடம் போன்: பூட்டி வைப்பதா, கொடுப்பதா?

கேள்வி, ஜூன் 8 (குன்னூர்ப் பக்கத்து அப்பா ஒருவர்)

மகள் பத்தாம் வகுப்பு. படிக்க என் போனைத்தான் வாங்குகிறாள். பாடம் பார்க்கிறேன் என்கிறாள், எட்டிப் பார்த்தால் வேறு ஏதோ ஓடுகிறது. பரீட்சை முடியும்வரை போனைக் கண்ணிலேயே காட்டக் கூடாது என்கிறார் அவள் அம்மா. போன் இல்லாமல் இந்தக் காலத்தில் எப்படிப் படிப்பது என்கிறாள் மகள். இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது. என்ன செய்யலாம்?

ஜூன் 9, இரவு

கொடுங்கள் அண்ணா. ஆனால் போன் கைக்கு வருவதற்கு முன்பே, இன்று இதில் என்ன செய்யப் போகிறேன் என்று உங்கள் மகள் ஒரு தாளில் எழுதியிருக்க வேண்டும். எழுத வேண்டியது அவள். நீங்கள் எழுதிக் கொடுத்தால் பலன் இல்லை.

நான் கோத்தகிரியிலிருந்து சோலூர்மட்டம் போகும் வழியில் ஓர் ஊரில் மாலை வகுப்பு நடத்துகிறேன். 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி என்ற அரசின் மாலை வகுப்புத் திட்டம் தொடங்கியபோது தன்னார்வலராகச் சேர்ந்தவள். அன்று வந்த சின்னப் பிள்ளைகளில் சிலர் ஒன்பது, பத்து என்று வளர்ந்தும் வருவதை விடவில்லை. இவர்கள் வீடுகளில் பெரும்பாலும் உருப்படியான போன் ஒன்றுதான். பகல் முழுக்க அது அப்பாவோடு தேயிலைத் தோட்டத்தில் இருக்கும். இலை வண்டி எப்போது வரும், இன்று பச்சை இலைக்கு என்ன விலை, எல்லாம் அதில்தான். வீடு வந்து சேர இரவு ஏழாகும். ஒன்பதுக்கெல்லாம் வீடு அடங்கிவிடும். நடுவில் தம்பிக்கும் போன் வேண்டும், அம்மா திருப்பூரில் இருக்கும் தங்கையோடு பேச வேண்டும். பத்தாவது பிள்ளைக்கு மிஞ்சுவது அரை மணி நேரம்.

அந்த அரை மணியில் சும்மா பாடம் பார்க்கிறேன் என்று உட்கார்ந்தால், எதைப் பார்ப்பது என்று தேடுவதிலேயே பாதி போய்விடும். தேடும்போதுதான் பக்கத்தில் இருக்கும் வேறு ஒன்று கண்ணை இழுக்கிறது. அதுவே தாளில், "அறிவியல், மின்னோட்டவியல், மின்தடை பக்க இணைப்புக் கணக்கு புரியவில்லை, ஒரு வீடியோ, பிறகு புத்தகத்துக் கணக்கு இரண்டு" என்று இருந்தால் நேராக அங்கே போய்விடலாம். முடிந்ததும் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கணக்கைப் போடலாம்.

உங்கள் மகள் வேறு ஏதோ பார்க்கிறாள் என்றால், என்ன பார்க்க வந்தோம் என்பது அவளுக்கே தெளிவாக இல்லை என்று நினைக்கிறேன். அதட்டுவதற்கு முன் அதைக் கேட்டுப் பாருங்கள்.

ஜூன் 10

ஒன்று விட்டுப்போயிற்று. மலையில் டவர் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. எங்கள் ஊரில் கோவில் திருப்பத்தில் நின்றால் நன்றாகக் கிடைக்கும், பத்தடி இறங்கினால் இருக்காது. அதனால் பிள்ளைகள் வகுப்பு முடிந்து போகும் வழியில், திருப்பத்தில் நின்று வேண்டியதைப் பதிவிறக்கிக்கொள்கிறார்கள். அன்றைக்கு அப்பா போன் கைக்கு வராவிட்டால் என் போன். வீட்டுக்குப் போனதும் ஏரோபிளேன் மோடு. டவர் இல்லாததே இந்த விஷயத்தில் எங்களுக்கு ஒரு வசதி. குன்னூரில் உங்களுக்கு வீட்டுக்குள்ளேயே கிடைக்கும் என்றால் நீங்களும் டேட்டாவை அணைத்துப் பாருங்கள். பதிவிறக்கியதை மட்டும் பார்க்கும் பிள்ளை தானாக நிறுத்திவிடும், ஏனென்றால் அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை.

ஜூன் 15

எந்த ஆப் நல்லது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம், காசும் கட்ட வேண்டாம்.

பாடப் புத்தகத்தைத் திறந்தால் பாடத்தோடு சதுரமாகக் கியூஆர் கோடு இருக்கிறதே, அதைப் பாதிப் பிள்ளைகள் தொட்டதே இல்லை. புதிய பாடத்திட்டப் புத்தகங்கள் 2018இல் வர ஆரம்பித்தன, பத்தாம் வகுப்புக்கு 2019இல் வந்தன. தீக்ஷா ஆப்பில் அந்தக் கோடைக் காட்டினால் அந்தப் பாடத்துக்கே போய் நிற்கும். தேடும் வேலை மிச்சம், அதுதான் இதில் எனக்குப் பிடித்தது. பள்ளிக் கல்வித் துறை 2023இல் கொண்டுவந்த மணற்கேணி ஆப்பில் பாட வீடியோக்கள் தமிழில் இருக்கின்றன. கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபில் இருக்கின்றன.

அப்புறம், வீடியோ பார்ப்பது படிப்பதாகாது. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். மறுநாள் கேட்டால் வாய் திறக்காது. 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் ஒரு பக்கம், ஒரு முறை படித்துவிட்டு மூடி வைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் இன்னொரு பக்கம். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து எழுதிப் பார்த்தவர்கள் நன்றாகவே முந்திவிட்டார்கள். பிள்ளைகளுக்கு அந்த ஐந்து நிமிட நிம்மதிதான் தெரிகிறது, அடுத்த வாரம் தெரிவதில்லை. அதனால் எங்கள் வகுப்பில் ஒரு வீடியோ முடிந்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பார்த்ததில் நினைவில் இருப்பதை நோட்டில் ஐந்து வரி எழுத வேண்டும். எழுத வராவிட்டால் வீடியோவை மறுபடி போடக் கூடாது, புத்தகத்தைத் திறக்க வேண்டும்.

ஜூன் 16

மறப்பதைச் சமாளிக்க ஒரு ஆப் உண்டு என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். அங்கி (Anki) என்ற ஆப்பைச் சொல்கிறார். நானும் அதைத்தான் வைத்திருக்கிறேன். ஆண்ட்ராய்டில் இலவசம், டவர் இல்லாமலே ஓடும், தமிழில் அடிக்கலாம்.

அதில் நாமே அட்டைகள் எழுதலாம், ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை. சரியாகச் சொன்ன அட்டை சில நாள் கழித்து வரும், அடுத்த முறையும் சரி என்றால் இன்னும் தள்ளி வரும். தவறினால் உடனே திரும்பி வரும். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று அளந்து 1885இல் எழுதினார். மறதியின் வேகம் முதலில்தான் அதிகம், போகப் போகக் குறைகிறது. இந்த இடைவெளிக் கணக்கெல்லாம் அதன் மேல் எழுந்ததுதான்.

பத்தாவதுக்கு இது ஒரு மதிப்பெண் கேள்விகளுக்கு மிகவும் உதவும். கணக்கில் 14, அறிவியலில் 12. ஆனால் வேறு யாரோ செய்து வைத்த அட்டைக்கட்டை இறக்கிக்கொள்ள விடாதீர்கள். எது அட்டையில் ஏற வேண்டும் என்று பாடத்திலிருந்து பொறுக்குவதே பாதிப் படிப்பு. எங்களிடம் வரும் ஒரு பெண் உயிரியலில் ஹார்மோன் பாடத்துக்கு முதலில் எழுதிய அட்டை: "தைராக்சின் பற்றிக் கூறு." அதற்கு விடை ஒரு பக்கம் நீண்டது, தினமும் தவறியது. பிறகு அவளே உடைத்தாள். எந்தச் சுரப்பி, எந்தத் தனிமம் தேவை, குறைந்தால் குழந்தைகளுக்கு என்ன நோய், பெரியவர்களுக்கு என்ன நோய். நான்கு அட்டை, ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் விடை. அந்த வாரமே நான்கும் தள்ளித் தள்ளிப் போக ஆரம்பித்தன. உடைக்கச் சொல்லி நான் சொல்லவில்லை. எது தவறுகிறது என்பதை ஆப் காட்டியது, ஏன் தவறுகிறது என்பதை அவள் கண்டுபிடித்தாள்.

ஜூன் 29

காற்றும் மழையும். மரம் விழுந்து கம்பி அறுந்து நேற்றிலிருந்து கரண்ட் இல்லை. போனில் இருக்கும் சார்ஜ் அப்பாவுக்கா பிள்ளைக்கா என்று வீட்டுக்கு வீடு வழக்கு.

இந்த மாதிரி நாளில்தான் படிப்பு அறுந்துபோகிறது. ஒரு நாள் விட்டால் அடுத்த நாளும் போய்விடும். அதனால் முன்பே ஒவ்வொரு பிள்ளையையும் "இப்படி ஆனால் இப்படிச் செய்வேன்" என்று இரண்டு மூன்று வரி எழுதி வைக்கச் சொல்லியிருந்தேன். கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999இல் இதைப் பற்றி எழுதினார். நன்றாகப் படிப்பேன் என்று பொதுவாக உறுதி எடுப்பதைவிட, எந்த நேரத்தில் எந்த இடத்தில் என்ன என்று முன்கூட்டியே கட்டி வைத்த தீர்மானம்தான் நடக்கிறது என்பது அவருடைய முடிவு. ஒரு பையன் எழுதியது: "கரண்ட் போனால் போனைக் கேட்க மாட்டேன். மெழுகுவத்தியில் சமூக அறிவியல் வரைபடம் வரைவேன்." நேற்று வரைந்துகொண்டு வந்து காட்டினான். மெழுகு சொட்டியிருந்தது, நதிகள் எல்லாம் சரியாக இருந்தன.

ஜூன் 30

கரண்ட் வந்துவிட்டது.

குளிர் காலத்தில் போன் சட்டென்று அணைந்துவிடுகிறது, பேட்டரி போய்விட்டதா என்று ஊட்டியிலிருந்து ஓர் அம்மா கேட்டிருந்தார். அவசரப்பட்டு மாற்ற வேண்டாம் அக்கா. லித்தியம் அயனி பேட்டரி குளிரில் முழுத் திறனும் காட்டாது, சூடானதும் சரியாகிவிடும். உறைபனி விழும் நாளில் ஜன்னலோரம் வைக்காதீர்கள். ஜில்லிட்டுக் கிடந்த போனை உடனே சார்ஜில் போடாதீர்கள். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் பேட்டரி உள்ளே கெடும். சட்டைப் பையில் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுப் போடுங்கள்.

ஜூலை 8

பஸ் நிறுத்தம் வரை நடக்கும்போது காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு பாடம் கேட்கலாமே என்று யாரோ நல்ல யோசனையாகச் சொல்லியிருக்கிறார்கள். சமவெளியில் சரி. எங்கள் பக்கம் வேண்டவே வேண்டாம். தேயிலைக்குள் காட்டெருமை படுத்திருக்கும், மாலையில் கரடி இறங்கும். புதர் அசையும் சத்தம் காதில் விழுந்தால்தான் நின்று பார்க்க முடியும். நடக்கும்போது போன் பைக்குள். இதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை.

ஜூலை 20

கேட்பதைப் பற்றிச் சொன்னேன், பேசுவதைப் பற்றிச் சொல்கிறேன். எல்லாப் போனிலும் இருக்கும் குரல் பதிவுதான் என் கணக்கில் மிகவும் பயனுள்ளது. அதை யாரும் படிப்புக் கருவியாகவே நினைப்பதில்லை.

எங்கள் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் படுகர்களின் படுகு மொழி, பள்ளியில் தமிழ். தாவரங்களின் கடத்துதல் பாடத்தைத் தமிழில் வரி பிசகாமல் ஒப்பிக்கும் ஒரு பெண்ணிடம், இதை உன் பாட்டிக்குப் புரிகிற மாதிரி படுகு மொழியில் சொல்லிப் பதிவு செய்து கொண்டுவா என்றேன். இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் போட்டுக் காட்டினாள். வேர் தண்ணீரை இழுக்கிறது என்று தொடங்குகிறாள். பாட்டி நடுவில் புகுந்து, தண்ணீர் மேலே ஏறுவது எதனால் என்று கேட்கிறார். இவள் திணறுகிறாள். புத்தகம் புரளும் சத்தம். பிறகு இலையிலிருந்து நீர் ஆவியாகப் போவதால் கீழிருந்து இழுபடுகிறது என்று மெதுவாகச் சொல்கிறாள். பாட்டி, வெயில் நாளில் கொழுந்து வாடுவது அதனால்தானா என்கிறார். ஐம்பது வருடம் தேயிலை பறித்தவர் கேட்கிற கேள்வி! பதிவு அதோடு முடிகிறது. நீராவிப்போக்கு அவளுக்கு இனி மறக்காது.

தான் பேசியதைத் தானே கேட்டால் எங்கே தடுமாறினோம் என்பது பளிச்சென்று தெரியும். நான் திருத்தத் தேவையே இல்லை.

ஜூலை 21

25 நிமிடம் படித்து 5 நிமிடம் ஓய்வு எடுப்பதுதான் விஞ்ஞானம், மூளை 25 நிமிடத்துக்கு மேல் தாங்காது என்று வந்த பதிலுக்கு ஒரு திருத்தம். மூளைக்கு அப்படி ஒரு கெடு கிடையாது. சிரில்லோ என்ற இத்தாலியர் 1980களின் கடைசியில், மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரம் ஒன்றை வைத்துத் தனக்குத் தோதாக அமைத்துக்கொண்ட முறை அது. எங்கள் பிள்ளைகளில் சிலருக்கு 15 நிமிடமே சரி, கணக்கு போடும்போது சிலர் 40 நிமிடம் தலை நிமிர்வதில்லை. அலாரம் வைத்துப் பார்த்துத் தனக்கு எது ஒத்துவருகிறது என்று பிள்ளையே முடிவு செய்யட்டும்.

ஆகஸ்ட் 11

குன்னூர் அண்ணா மறுபடி எழுதியிருக்கிறார். மகள் தாளில் எழுதுகிறாளாம், நான்கு நாள் சரியாக நடக்கிறதாம், ஐந்தாம் நாள் ரீல்ஸ் பக்கம் போய்விடுகிறாளாம். பெற்றோர் கட்டுப்பாட்டுக்கான ஃபேமிலி லிங்க் ஆப்பைப் போட்டுப் பூட்டிவிடவா என்கிறார்.

பூட்டு ஆப்களை நான் இதுவரை ஆதரித்ததில்லை. இப்போது கொஞ்சம் யோசனை மாறியிருக்கிறது. எங்கள் வகுப்பில் ஒரு பையன் தானே வந்து, அக்கா, யூடியூபுக்கு இருபது நிமிடம் என்று வரம்பு வைக்கக் கற்றுக்கொடுங்கள் என்றான். ஆண்ட்ராய்டில் டிஜிட்டல் வெல்பீயிங் என்ற அமைப்பிலேயே அது இருக்கிறது. வைத்துக் கொடுத்தேன். வரம்பை எடுத்துவிட அவனுக்கே தெரியும், ஆனாலும் எடுப்பதில்லை. இன்னொரு வீட்டில் அப்பா ரகசியமாகப் பூட்டினார். பையன் பக்கத்து வீட்டு அண்ணன் போனுக்குப் போய்விட்டான், இப்போது அவன் எதைப் பார்க்கிறான் என்று யாருக்கும் தெரியாது. பூட்டு ஒன்றுதான். யார் கேட்டுப் போட்டது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மகளையே கேளுங்கள் அண்ணா: ஐந்தாம் நாள் என்ன நடக்கிறது, எது இருந்தால் உனக்குத் தடுக்கும்? வரம்பு வேண்டும் என்று அவள் சொன்னால் அவளையே போடச் சொல்லுங்கள்.

ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமையா என்றும் பாருங்கள். வாரம் முழுக்கப் பள்ளி, டியூஷன், பஸ் என்று அலைந்த பிள்ளை சும்மா சிரிக்க அரை மணி நேரம் கேட்டால் அதைத் தாளிலேயே எழுதிக்கொள்ளட்டும். திட்டத்தில் இருந்தால் அது திருட்டுத்தனம் ஆகாது.

ஆகஸ்ட் 12

இதையும் சொல்லியாக வேண்டும். ஒரு பள்ளியில் வீட்டுப்பாடத்தை இரவு பத்தரைக்கு வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள், காலையில் முடித்திருக்க வேண்டுமாம். அந்த நேரத்தில் எங்கள் ஊரில் போன் அப்பாவின் தலைமாட்டில் இருக்கிறது, அவரும் தூங்குகிறார். காலையில் பிள்ளை திட்டு வாங்குகிறாள். போனைப் பார்க்காதே என்றும் சொல்லி, போனில் பார்த்து வா என்றும் சொன்னால் பிள்ளை எதைக் கேட்கும்? ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து கரும்பலகையில் எழுதிப் போடுங்கள்.

செப்டம்பர் 28

காலாண்டு முடிந்தது. இந்த முறை ஒன்று செய்து பார்த்தோம். பரீட்சை எழுதிவிட்டு வந்த அன்றே ஒவ்வொருவரும் எவ்வளவு வரும் என்று போனில் ஒரு குறிப்பில் எழுதி வைத்தார்கள். தாள் திருத்தி வந்ததும் பக்கத்தில் வாங்கியதை எழுதினார்கள். மதிப்பெண்ணைவிட அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவே இருந்த தூரம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

அறிவியல் எழுத்துத் தேர்வு 75க்கு. ஒரு பையன் 60 என்று எழுதி 38 வாங்கினான். முகம் வாடிப்போயிற்று. தாளோடு உட்கார்ந்தோம். நான்கு மதிப்பெண் கேள்விகளில் எல்லாவற்றுக்கும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறான், படம் ஒன்றுகூட இல்லை, சமன்பாடு இல்லை. தெரியாததால் போகவில்லை, தெரிந்ததைக் காட்டத் தெரியாமல் போயிருக்கிறது. அப்படியென்றால் அவனுக்கு இன்னும் வீடியோ தேவையில்லை. நேரம் வைத்துப் பழைய கேள்வித்தாளை எழுதிப் பார்ப்பதுதான் தேவை. அடுத்த மாதத் திட்டத் தாளை அவன் அப்படித்தான் மாற்றி எழுதியிருக்கிறான். போனில் இப்போது அவன் பயன்படுத்துவது ஸ்டாப்வாட்ச் மட்டும்.

அவனுக்கு நேர் எதிராக, 40 வரும் என்று பயந்து 61 வாங்கிய பெண்ணும் இருக்கிறாள். அவளுக்கு வேறு வைத்தியம். தூங்கச் சொல்லியிருக்கிறேன்.

ஜிம்மர்மன் என்ற கல்வி உளவியலாளர் தன்னைத் தானே நடத்திப் படிப்பதை மூன்று கட்டமாகச் சொல்வார். முதலில் திட்டம், பிறகு செய்யும்போதே கவனித்துக்கொள்வது, முடிந்ததும் திரும்பிப் பார்ப்பது. அந்தத் திரும்பிப் பார்த்தல் அடுத்த திட்டத்துக்குள் போக வேண்டும். முதல் இரண்டுக்கும் எத்தனையோ ஆப் இருக்கிறது. மூன்றாவதுக்கு ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கிறது, கேள்வி கேட்க மட்டும்.

அக்டோபர் 19

நீலகிரியில் வடகிழக்குப் பருவமழை எங்கள் கோத்தகிரிப் பக்கம் அதிகம் கொட்டும். மண் சரிந்தால் பஸ் நிற்கும், டவரும் போகும். அதனால் அங்கியில் அடிக்கடி தவறுகிற அட்டைகளை மட்டும் காகிதத்தில் எழுதி வைக்கச் சொல்லிவிட்டேன். பழைய காலண்டரின் பின்பக்கத்தை வெட்டினால் போதும். தீப்பெட்டி அளவில் ஐந்து அறை உள்ள ஓர் அட்டைப் பெட்டி, சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்கு, தவறினால் முதல் அறைக்கு. கணினி வீட்டுக்கு வருவதற்கு முன்பே, 1970களில் லைட்னர் என்ற ஜெர்மானியப் பத்திரிகையாளர் எழுதிய முறை இது. தம்பி போனை எடுத்துக்கொண்டாலும் பெட்டி இருக்கும்.

அக்டோபர் 20

குன்னூர் அண்ணாவுக்கு. மகள் வெள்ளிக்கிழமை அரை மணியைத் தானே தாளில் எழுதிக்கொண்டாள் என்று படித்தபோது அவ்வளவு சந்தோஷம். பரீட்சை முடிந்ததும் பிளஸ் ஒன்னுக்கு அவளுக்கென்று ஒரு போன் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்குங்கள், புதிதாகத்தான் வேண்டும் என்று இல்லை. பழையது வாங்கினால் கடையிலேயே அரை மணி வீடியோ ஓட விட்டு சார்ஜ் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். பாடங்களைப் பதிவிறக்கி வைக்க 64 ஜிபிக்குக் குறையாமல் இடம் இருக்கட்டும். இரவில் சார்ஜ் போடும் இடம் எது என்பதை வாங்குவதற்கு முன்பே அவளோடு உட்கார்ந்து பேசி முடித்துவிடுங்கள். அது படுக்கை அறையாக இல்லாமல் இருந்தால் நல்லது. உங்கள் போனையும் அதே இடத்தில் வையுங்கள்.